வீட்டை எழுதிக் குடுத்தாச்சு, இப்ப சோறு போட மாட்டேங்கறான் – கேள்வி பதில்

வருவாய்த் துறையில 31 வருஷம் இருந்துட்டு ரிட்டயர் ஆனவன் நான். கடைசி ஒம்பது வருஷம் ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர், வண்டி லைசென்ஸ் ஆபீஸ் இல்ல) ஆபீஸ்ல மூத்த குடிமக்கள் மனு பாக்கற சீட்டு. திங்கக்கிழமை குறைதீர் நாள்ல கலெக்டர் ஆபீஸ்ல குடுக்கற மனு, சுத்தி சுத்தி கடைசியில என் டேபிளுக்குத்தான் வரும். வக்கீல் இல்ல, டாக்டரும் இல்ல, பாத்ததை வச்சு சொல்றேன். நெறைய பேர் கேட்டிருக்கீங்க, ஒரே மாதிரி இருந்ததை சேத்துட்டேன், பேரையெல்லாம் எடுத்துட்டேன்.

கேள்வி: அப்பா தவறினதும் 2016-ல அம்மா வீட்டை தம்பி பேருக்கு செட்டில்மென்ட் பண்ணிட்டாங்க. இப்ப அவன் அம்மாவை மாடி ரூம்ல விட்டுட்டு சாப்பாடு கூட ஒழுங்கா குடுக்கறதில்ல. பத்திரத்தை ரத்து பண்ண முடியுமா சார்?

பதில்: முடியும், ஆனா நேரா சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்க்கு போயி "ரத்து பண்ணுங்க"னு நிக்காதீங்க. எழுதிக் குடுத்து அவன் வாங்கிக்கிட்ட செட்டில்மென்ட்டை அம்மா மட்டும் தனியா கையெழுத்து போட்டு ரத்து பண்ண வழியில்ல, அந்த அலைச்சல்லயே ஆறு மாசம் போயிடும். போக வேண்டிய இடம் ஆர்டிஓ. 2007-ல வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு சட்டத்துல தீர்ப்பாயம்னு சொல்றது அவரைத்தான். 23-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, என்னைப் பாத்துக்கணும்ங்கற நிபந்தனையோட எழுதிக் குடுத்து, வாங்கினவன் பாத்துக்கலன்னா, அது ஏமாத்தி வாங்கின மாதிரின்னு கணக்கு, செல்லாதுன்னு அறிவிக்கலாம்.

சிக்கல் அந்த "நிபந்தனை"ங்கற வார்த்தையிலதான். நம்ம ஊர் பத்திரத்துல என்ன எழுதியிருக்கும்? "உன் மீது எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்"னு ஆரம்பிச்சு நான்கெல்லை வரைக்கும் போயி முடிஞ்சிரும், சோறு போடணும்னு ஒரு வரி இருக்காது, எந்த அம்மா மகன்கிட்ட அப்படி எழுதி வாங்குவா சொல்லுங்க. 2022 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு ஒரு கேஸ்ல நிபந்தனை இருந்ததா காட்டணும்னு கறாரா சொல்லிருச்சு, அதுக்கப்புறம் எங்க ஆபீஸ்ல பல மனு தள்ளுபடி ஆச்சு, எனக்கே அப்ப மனசு கேக்கல. 2025 ஜனவரியில மத்தியப் பிரதேசத்து அம்மா ஒருத்தர் கேஸ்ல அதே கோர்ட்டு, இது வயசானவங்களுக்காக வந்த சட்டம், தாராளமா அர்த்தம் பண்ணணும்னு சொல்லி தானப் பத்திரத்தை ரத்து பண்ணது சரின்னு சொல்லிச்சு, அதுல மகன் தனியா எழுதிக் குடுத்த உறுதிமொழியையும் சேத்துப் பாத்தாங்க. அதே வருஷம் மார்ச்ல நாகப்பட்டினத்து அம்மா ஒருத்தர் கேஸ்ல மெட்ராஸ் ஹைகோர்ட்டு இன்னும் ஒரு படி மேல போயி, அன்பும் பிரியமும்னு எழுதியிருந்தாலே பாத்துக்குவாங்கங்கற நிபந்தனை அதுக்குள்ளயே இருக்குன்னு சொல்லிருச்சு. அதனால இப்ப உங்கம்மா நிலைமை மூணு வருஷம் முன்னாடி இருந்ததை விட எவ்வளவோ மேல்.

செய்ய வேண்டியது: மொதல்ல வில்லங்கம் போட்டுப் பாருங்க, தம்பி அதை வித்துட்டானா, பேங்க்ல அடமானம் வச்சிட்டானான்னு தெரியணும், மூணாவது ஆள் கைக்குப் போயிருந்தா கதை வேற. அப்புறம் பத்திர நகல், அம்மா ஆதார், மருந்துச் சீட்டு, அக்கம்பக்கத்துல ரெண்டு பேர் பேரு. மனுவுல அம்மாவே கையெழுத்து போடணும். முக்கியமா மனுவுல "2016-ல பத்திரம் போடும்போது என்னைக் கடைசி வரைக்கும் வச்சுப் பாத்துக்கறதா சொன்னான், அதை நம்பித்தான் எழுதிக் குடுத்தேன்"ங்கறது கட்டாயம் இருக்கணும். இந்த ஒரு வரி இல்லாமயே எத்தனை மனு வந்துச்சு தெரியுமா, நாலு பக்கத்துக்கு மருமக செஞ்ச கொடுமையெல்லாம் இருக்கும், இது மட்டும் இருக்காது.

கேள்வி: மாசம் எவ்வளவு வாங்கித் தருவாங்க? வக்கீல் வைக்கணுமா?

பதில்: மாசம் 10,000 ரூபாய் வரைக்கும்தான், அதுக்கு மேல இந்த சட்டத்துல இடமில்ல. 2007-ல 10,000-க்கு இருந்த மதிப்பு வேற, இப்ப சுகர் மாத்திரைக்கும் அட்டெண்டருக்குமே பத்தாது. வக்கீல் வேண்டாம், சட்டத்துல ரெண்டு பக்கமும் வக்கீல் ஆஜராகக் கூடாதுன்னுதான் எழுதியிருக்கு. பராமரிப்பு மனுவை எதிர் தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேந்த 90 நாளுக்குள்ள முடிக்கணும்னு இருக்கு, ரொம்ப அவசியம்னா இன்னும் 30 நாள். அப்படி முடியுதான்னு கேக்காதீங்க, எலெக்‌ஷன் வருஷத்துல முடியவே முடியாது.

கேள்வி: நான் பொண்ணு. கல்யாணம் ஆகி 22 வருஷம் ஆச்சு. அண்ணன் இப்ப "சட்டத்துல பொண்ணும் குடுக்கணும், ஆஸ்பத்திரி பில்லுல பாதி போடு"ங்கறான். சொத்து முழுசும் அவனுக்குத்தான் எழுதியிருக்கு.

பதில்: உங்கண்ணன் சொல்ற சட்டம் சரிதான்மா, மகன் மகள் பேரன் பேத்தி எல்லாரும் அதுல வருவாங்க. மருமகன் மருமக வர மாட்டாங்க, அவங்களையும் சேக்கறதுக்கு 2019-ல ஒரு மசோதா கொண்டு வந்தாங்க, அது சட்டமா ஆகல.

ஆனா சொத்து பிரிக்கும்போது "உனக்குத்தான் நகை போட்டு சீர் செஞ்சாச்சே", ஐசியூ பில்லு வரும்போது மட்டும் "ஆணும் பொண்ணும் சமம்". இந்த வசனத்தை நான் குறைஞ்சது நூறு தடவை விசாரணையில கேட்டிருப்பேன். தீர்ப்பாயம் யார் கையில சொத்து இருக்கு, யாருக்கு வருமானம் இருக்குன்னு பாத்துத்தான் பிரிக்கும், கண்ணை மூடிக்கிட்டு பாதி பாதி போடாது. உங்களால முடிஞ்சதை அப்பா அம்மா கையில நேரா குடுங்க, அண்ணன் மூலமா வேண்டாம், பேங்க்ல போட்டுட்டா கணக்கும் இருக்கும்.

கேள்வி: எங்கப்பா குடிகாரர். எனக்கு ஏழு வயசா இருக்கும்போது அம்மாவை அடிச்சுப் போட்டுட்டு வேற ஒருத்தரோட போயிட்டார். இப்ப 71 வயசுல திரும்பி வந்து என் மேல பராமரிப்பு கேட்டு மனு குடுத்திருக்கார். நான் குடுத்துத்தான் ஆகணுமா?

பதில்: இந்தக் கேள்விக்கு நான் ரெண்டு நாள் யோசிச்சேன் தம்பி.

சட்டத்துல நல்ல அப்பா கெட்ட அப்பான்னு பிரிவே கிடையாது. அவரால தன்னைப் பாத்துக்க முடியல, உங்களுக்கு வசதி இருக்கு, இது ரெண்டைத்தான் பாக்கும். ஆனா உங்க கதையை சொல்லக் கூடாதுன்னு எங்கயும் எழுதல. நோட்டீஸ் வந்ததும் கோவத்துல கிழிச்சுப் போடாதீங்க, போகலன்னா ஒருதலைப்பட்சமா உத்தரவு போட்டுருவாங்க. எழுத்துல பதில் குடுங்க, எந்த வருஷம் போனார், யார் உங்களை வளத்தா, அம்மா போலீஸ்ல ஏதாவது புகார் குடுத்திருந்தாங்களா, உங்க சம்பளம் கடன் எவ்வளவு, எல்லாம். தொகையைக் குறைக்கறதுக்கு அது உதவும். முதல்ல சமரசம் பேச ஒரு அலுவலர்கிட்ட அனுப்புவாங்க, அங்க "அப்பா பாவம், கூட்டிட்டுப் போ"னு உருகுவாங்க. கூட்டிட்டுப் போறது உங்க இஷ்டம். காசு குடுக்கச் சொல்லலாம், ஒரே வீட்டுல வச்சுக்கோன்னு உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

என்கிட்ட உங்களை மாதிரியே ஒருத்தர் வந்தாரு, லாரி ஓட்டறவர். மாசம் 3,000 போடச் சொல்லி உத்தரவாச்சு. ஒரு மாசம் கூட தவறாம போட்டாரு, ஆனா அப்பா இருந்த தெருப்பக்கம் ஒரு தடவை கூட போகல. அந்தப் பெரியவர் மாசாமாசம் ஆபீஸ்க்கு வந்து "பணம் வந்துருச்சு, அவன் வருவானா சார்?"னு கேப்பாரு. நான் என்ன சொல்றது, அதுக்கு ஃபாரம் கிடையாதே. லாரிக்காரர் மேல எனக்கு ஒரு தப்பும் தெரியல, இன்னைக்கும் தெரியல.

கேள்வி: மாமனார் மாமியார் என்னை வீட்டை விட்டு வெளிய அனுப்பச் சொல்லி மனு போட்டிருக்காங்க. கணவர் தனியா வீடு எடுத்துப் போயிட்டார். அவங்க மூணு பேரும் பேசி வச்சு செய்யற மாதிரி இருக்கு. ரெண்டு குழந்தைங்க இருக்கு.

பதில்: பேசி வச்சுத்தான் செய்யறாங்கன்னு நானும் நினைக்கறேன், இந்த டிசைனை நான் நிறைய பாத்திருக்கேன். பெங்களூருல இருந்து போன ஒரு கேஸ்ல 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு தெளிவா சொல்லியிருக்கு, மூத்த குடிமக்கள் சட்டத்தை வச்சு குடும்ப வன்முறை சட்டத்துல மருமகளுக்கு இருக்கற குடியிருப்பு உரிமையை ஒரேயடியா அழிக்க முடியாது, ரெண்டையும் சேத்துப் பாக்கணும்னு. அதனால நீங்க சும்மா இருக்காம கலெக்டர் ஆபீஸ் வளாகத்துல இருக்கற சமூக நலத் துறையில பாதுகாப்பு அலுவலரைப் பாத்து அந்த 2005 குடும்ப வன்முறை சட்டத்துல மனு குடுங்க. அதோட நகலை ஆர்டிஓ விசாரணையிலயும் வைங்க. ஆனா மாமியாரை நிஜமாவே நீங்க அடிச்சீங்கன்னா, சாப்பாடு குடுக்கலன்னா, நான் சொன்னது எதுவும் உதவாது, அதையும் சொல்லிடறேன்.

கேள்வி: அண்ணே, நான் அபுதாபில இருக்கேன். அப்பாவுக்கு மறதி நோய். ஊர்ல ஹோம் நர்ஸ் வச்சிருக்கோம். அப்பா ரூம்ல சிசிடிவி போட்டு போன்ல பாத்துக்கறேன். என் மனைவி இது தப்புங்கறா. தப்பா?

பதில்: இது என் சீட்டுக்கு வந்த விஷயம் இல்ல, ஆனா எங்கம்மாவுக்கும் கடைசி நாலு வருஷம் இதே நோய்தான், அதனால பேசறேன். கேமரா தப்பில்ல, எங்க வச்சிருக்கீங்கங்கறதுதான் கேள்வி. உடை மாத்தற இடம், டயப்பர் மாத்தற கட்டில், பாத்ரூம் கதவு, இதெல்லாம் ஃப்ரேம்ல வருதான்னு பாருங்க. அப்பாவுக்கு மறதிதான், மானம் போயிடல. எங்கம்மாவுக்கு என் பேரே மறந்த பிறகும் புடவை விலகினா கை தானா போயி இழுத்து விடும்.

இன்னொன்னு, அந்த ஹோம் நர்ஸ்கிட்ட கேமரா இருக்குன்னு சொல்லியாச்சா? சொல்லாம வச்சிருந்தீங்கன்னா அது தப்பு, சந்தேகமே வேண்டாம். அந்தப் பொண்ணும் அதே ரூம்லதான தூங்குது? 24 மணி நேரம் ட்யூட்டின்னு போட்டுட்டு, மத்தியானம் அரை மணி கண்ணசந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபேமிலி குரூப்ல போடறது, இதை ஒரு வீட்டுல நேர்லயே பாத்தேன், அந்தப் பொண்ணு மறுநாள் பையை எடுத்துட்டுப் போயிருச்சு, அப்புறம் ஒரு மாசம் ஆள் கிடைக்கல. வாரம் ஒரு நாள் லீவு குடுங்க, அன்னைக்கு சொந்தக்காரங்க யாராவது மாத்தி இருக்கட்டும். அப்பா வீடியோவை குரூப்ல போடாதீங்க, அவர் சிரிக்க வைக்கற மாதிரி ஏதாவது பேசினாலும்.

கேள்வி: பெயர் வேண்டாம், ராஜபாளையம் பக்கம். பெரியம்மா படுத்த படுக்கை. வீட்டுல "தலைக்கு ஊத்திடலாமா"னு பெரியவங்க பேசிக்கறாங்க. பழைய பழக்கம், கருணைங்கறாங்க.

பதில்: அது கொலை. முடியாத பெரியவங்களை வீட்டுலயே முடிச்சு விடறதுக்குத் தலைக்கூத்தல்னு பேரு வச்சாலும், பழக்கம்னு சொன்னாலும், மொத்தக் குடும்பமும் சேந்து அழுதுகிட்டே செஞ்சாலும் கொலைதான், செஞ்சவங்க, கூட நின்னவங்க எல்லார் மேலயும் வழக்கு வரும். 2010 வாக்குல விருதுநகர் பக்கம் ஒரு பெரியவர் தன் வீட்டுல இப்படிப் பேசறதைக் கேட்டுட்டு தப்பிச்சு ஓடினதாலதான் இந்த விஷயமே பேப்பர்ல பெருசா வந்துச்சு. உங்க பெரியம்மா காதுலயும் விழுந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க. இன்னைக்கே 14567-க்கு போன் பண்ணுங்க, முதியோர் உதவி எண், உயிருக்கு இப்பவே ஆபத்துன்னா 112. அரசு பக்கத்துல இருந்து வீட்டுக்கே வந்து வலி நிவாரண சிகிச்சை குடுக்கறாங்க, மக்களைத் தேடி மருத்துவத்துலயும் அது இருக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. முக்கால்வாசி வீட்டுல இந்தப் பேச்சு எழறதே படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட ஆள் இல்லாததாலதான்.

கேள்வி: அப்ப எங்க தாத்தா "எனக்கு வெண்டிலேட்டர் வேண்டாம்"னு சொல்றாரே, அதுவும் தப்பா?

பதில்: அது வேற, முழுசா வேற. 2018 மார்ச்ல சுப்ரீம் கோர்ட்டு அதை உரிமைன்னே சொல்லிருச்சு. தாத்தா தெளிவா இருக்கும்போதே எழுதி, ரெண்டு சாட்சி முன்னாடி கையெழுத்து போட்டு, நோட்டரியோ கெஜட்டட் ஆபீசரோ சான்று பண்ணணும். முதல்ல மாஜிஸ்ட்ரேட் கையெழுத்துன்னு இருந்துச்சு, யாராலயும் முடியல, 2023 ஜனவரியில எளிமையாக்கினாங்க. ஆஸ்பத்திரியில டாக்டர்கள் குழு ரெண்டு தனித்தனியா பாத்து சொன்ன பிறகுதான் நிறுத்துவாங்க. தாத்தா எப்ப வேணா மனசு மாத்திக்கலாம். எழுதினதை பீரோவுல பூட்டி வைக்காதீங்க, ஐசியூ வாசல்ல நிக்கப் போறவங்க எல்லார்கிட்டயும் ஒரு நகல் இருக்கணும்.

கேள்வி: எனக்கு 64 வயசு, ஒரே வீடு, ரெண்டு பசங்க. பெரியவன் இப்பவே எழுதிக் குடுங்கம்மா, பின்னாடி பிரச்சனை வேண்டாம்ங்கறான். செட்டில்மென்ட்டா உயிலா?

பதில்: உயில் எழுதுங்கம்மா. உயில்னா உங்க ஆயுசு வரைக்கும் வீடு உங்களுது, பத்து தடவை மாத்தி எழுதலாம். சொத்து வாங்காத ரெண்டு பேரை சாட்சி வைங்க, உங்களை விட வயசுல சின்னவங்களா இருந்தா நல்லது. பதிவு கட்டாயமில்ல, ஆனா பண்ணிடுங்க. பெரியவன் அவசரப்படறதுக்கு லோன் காரணமா இருக்கும், கேட்டுப் பாருங்க, இருந்தா அதை வேற வழியில பேசித் தீருங்க.

இல்ல, எழுதித்தான் குடுக்கணும்னு ஆயிருச்சுன்னா, ரெண்டு விஷயம் பத்திரத்துல வந்தே ஆகணும். ஒண்ணு, உங்க ஆயுள் வரைக்கும் அந்த வீட்டுல குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உங்களுக்கு உரிமை. ரெண்டு, உணவு, உடை, மருத்துவம், இருக்க இடம் எல்லாம் குடுத்து உங்களைப் பராமரிக்கணும், தவறினா பத்திரம் ரத்து ஆகும்ங்கற நிபந்தனை. பத்திரம் எழுதறவர் "பெத்த புள்ளகிட்ட இதெல்லாம் எதுக்கும்மா"னு சிரிப்பாரு. சிரிக்கட்டும், டைப் பண்ணச் சொல்லுங்க, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தை வேற யாரையாவது சத்தமா படிக்கச் சொல்லி கேட்டுக்குங்க.