கயிறு தொய்ந்தால் முதலில் பாய்மரத்தைப் பாருங்கள்

கேள்வி: என் தாத்தா மரத்தில் செய்த மூன்று பாய்மரக் கப்பல் மாதிரி, வீடு மாறும்போது அடிபட்டுவிட்டது. நடுப் பாய்மரம் முறிந்து சாய்ந்திருக்கிறது, ஒரு பக்கக் கயிறுகள் தொய்ந்துவிட்டன, முன்புறம் இரண்டு பலகைகள் வாய்பிளந்து நிற்கின்றன. கயிறுகள் அனைத்தையும் அறுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா? சூப்பர் குளூ போதுமா?

பதில்: கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். பாய்மரம் சாய்ந்த பக்கத்தில் கயிறுகள் தொய்வதும் எதிர்ப்பக்கத்தில் விறைப்பதும் இயல்பே. மரம் நிமிர்ந்ததும் தொய்வில் பெரும்பகுதி தானாகவே மறைந்துவிடக்கூடும். கயிறுகளைப் புதிதாகக் கட்டுவது பல வார வேலை என்பதோடு, உங்கள் தாத்தா கைப்பட இட்ட முடிச்சுகளும் அதில் போய்விடும்.

முதலில் எல்லாப் பக்கங்களிலிருந்தும் நெருக்கமாகப் படம் எடுத்துவையுங்கள். பிறகு மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, வாயில் மெல்லிய துணி கட்டிய தூசி உறிஞ்சியை அருகில் பிடியுங்கள். உதிரும் சிறு கப்பியும் வளையமும் துணியில் தங்கிவிடும்.

முறிவு நீண்டு சாய்வாக இருந்தால், நார்கள் ஒன்றோடொன்று பொருந்துமாறு வெள்ளைப் பசை தடவி, நூலால் இறுகச் சுற்றி, ஒரு நாள் முழுதும் விட்டுவைத்தால் போதும். குறுக்கே நேராக முறிந்திருந்தால் பசை மட்டும் தாங்காது. இரு முனைகளின் நடுவிலும் ஊசியால் குறியிட்டு, கையால் சுழற்றும் சிறு துரப்பணத்தால் 0.8 மி.மீ. துளையிட்டு, உள்ளே பித்தளைக் கம்பித் துண்டு ஒன்றைச் செருகி ஒட்ட வேண்டும். பசை காயும்வரை எந்தக் கயிற்றையும் இழுக்கக் கூடாது.

அதற்குப் பிறகும் தொய்வு மீதியிருந்தால், கப்பலின் விளிம்பில் மூன்று துளை கொண்ட வட்டக் கட்டைகள் இரண்டிரண்டாக மேலும் கீழும் நிற்பதைக் கவனியுங்கள். அவற்றின் துளைகளில் ஏறி இறங்கும் மெல்லிய கயிற்றை இழுத்துத்தான் உண்மையான கப்பலிலும் பாய்மரத்தின் பக்கவாட்டுக் கயிறுகளை இறுக்கினார்கள். நீங்கள் மாற்ற வேண்டியது அந்தச் சிறு நூலை மட்டுமே. மேல் முடிச்சுகளும் குறுக்கே ஏணிப்படிகளாய்க் கட்டிய நூல்களும் அப்படியே இருக்கட்டும். புது நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்து, அதன் நுனியில் மட்டும் ஒரு துளி சூப்பர் குளூ வைத்து, உலர்ந்ததும் சாய்வாக நறுக்கினால், அது ஊசிபோல் விறைத்துத் துளைக்குள் எளிதில் நுழையும். இடம் ஒன்று, வலம் ஒன்று என மாறிமாறி இறுக்கி, ஒவ்வொரு இணைக்குப் பிறகும் முன்னாலிருந்து பார்த்துப் பாய்மரம் நேராக நிற்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அணியத்துப் பலகைகள், அதாவது முன்புறப் பலகைகள், பிளப்பதற்கு அடி மட்டும் காரணமாக இருக்காது. மரம் நீளவாக்கில் அதிகம் சுருங்குவதில்லை, அகலவாக்கில்தான் சுருங்கும். வலிந்து வளைத்து ஒட்டிய பட்டை, இடைவெளி கிடைத்ததும் நிமிரப் பார்க்கும். விரலால் மெல்ல அழுத்தும்போது பலகை இடத்தில் உட்கார்ந்தால், பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய பசையிட்டு, மெழுகுத்தாள் வைத்து ரப்பர் பட்டையால் கட்டிவையுங்கள். உட்காராவிட்டால், நுண்தூரிகையால் உட்புறத்தில் வெந்நீர் தொட்டு இளக்குங்கள். வெளிப்புறம் நனைந்தால் வார்னிஷ் வெளுத்துவிடலாம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. சூப்பர் குளூவை நூல்நுனி தவிர வேறெங்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்: அது மரத்தில் வெண்படலம் விடும், அதிர்ச்சியில் நொறுங்கும், பிரிக்க அசிட்டோன் வேண்டும், அசிட்டோனோ வண்ணத்தையும் கரைத்துவிடும். காய்ந்த வெள்ளைப் பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சில நிமிடங்களில் இளக்கும். அதனையும் மறைவான ஓர் இடத்தில் சோதித்த பிறகே பயன்படுத்துங்கள்.

பழைய மாதிரி என்பதால் இன்னொன்று: நங்கூரம், பீரங்கி முதலியவற்றில் வெண்பொடி பூத்திருந்தால் அவை ஈயத்தாலானவையாக இருக்கலாம். அந்தப் பொடி நச்சு. ஊதாதீர்கள், கையுறை அணிந்து அந்த உறுப்புகளை மாற்றிவிடுங்கள். காற்றுப் புகாத பெட்டிக்குள் ஓக் மரம் போன்றவை வெளியிடும் அமில ஆவியே ஈயத்தை இப்படி அரிக்கிறது. ஆகவே கண்ணாடிப் பெட்டி செய்தால், அடியில் சில காற்றுத் துளைகள் விட்டு, நேர்வெயில் படாத இடத்தில் வையுங்கள்.