பார்பிக்யூ கடைக்கா, சுஷி உணவகத்துக்கா?

கேள்வி: எங்கள் நகரில் புகையில் இறைச்சி வாட்டும் பார்பிக்யூ கடை ஒன்றும், காடி கலந்த சோற்றின் மேல் பெரும்பாலும் பச்சை மீன் வைத்துத் தரும் சுஷி உணவகம் ஒன்றும் உள்ளன. இரண்டுக்கும் இணையத்தில் ஒரே மதிப்பெண்தான். மாதத்தில் ஒரு நாள் மட்டுமே வெளியே உண்கிறோம், மனைவி கருவுற்றிருக்கிறார். எதைத் தேர்வது?

பதில்: இப்போதைக்குப் பார்பிக்யூ கடைக்கே செல்லுங்கள். மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள் உறையவைத்தால் மீனிலுள்ள ஒட்டுண்ணிப் புழுக்கள் மடியும். ஆனால் கருவைப் பாதிக்கக்கூடிய லிஸ்டீரியா கிருமி அந்தக் குளிரிலும் மடியாது. வேகவைத்த இறாலும் வெள்ளரியும் வைத்த சுஷி கிடைக்கும்தான். எனினும் பச்சை மீன் நறுக்கிய பலகையிலேயே அவற்றையும் நறுக்குகிறார்கள் என்றால், அதுவும் வேண்டாம்.

மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, இவ்விரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பது பொருந்தாது என்பதே என் உறுதியான கருத்து. பார்பிக்யூவில் சமையல், நீங்கள் கடைக்குள் நுழைவதற்கு வெகுநேரம் முன்பே முடிந்துவிடுகிறது. சுஷியிலோ கடைசி அரை நிமிடம்தான் சுவையைத் தீர்மானிக்கிறது.

மாட்டின் நெஞ்சுக்கறியான பிரிஸ்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 110 முதல் 120 டிகிரி வெப்பத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கிடந்தால்தான் அதிலுள்ள கொலாஜன் என்னும் விறைப்பான நார்ப்பொருள் உருகி ஜெலட்டினாக மாறும். இடையில், கறியின் உள்வெப்பம் 70 டிகிரியை ஒட்டி மணிக்கணக்கில் ஏறாமல் நிற்கும். மேற்பரப்பில் ஆவியாகும் நீர் கறியைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பதே காரணம். பொறுமையற்ற சமையற்காரர் அப்போது தீயைக் கூட்டிவிடுவார், கறியும் வறண்டுபோகும். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்: ஒரு துண்டை விரலின் மேல் தொங்கவிட்டால் அது உடையாமல் வளைந்து தொங்க வேண்டும், மெல்ல இழுத்ததும் பிரிந்து வர வேண்டும். கருகிய மேற்புறத்துக்குக் கீழே இளஞ்சிவப்பு வளையம் தெரிந்தால், வேகவில்லை என்று உங்கள் மனைவி அஞ்ச வேண்டியதில்லை. புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு தசையின் நிறமியோடு சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது. கேட்காமலேயே சாஸை ஊற்றிக் கொடுக்கும் கடையை மட்டும் நான் நம்புவதில்லை. இரவெல்லாம் வெந்த கறி நண்பகலில்தான் நல்ல பதத்தில் இருக்கும் என்பதால் மதிய உணவுக்கே போய்விடுங்கள். கறி சூடாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுஷியில் எல்லோரும் மீனைப் பார்க்கிறார்கள்; நான் முதலில் சோற்றைத்தான் பார்ப்பேன். அது உடல்சூட்டில், பருக்கை பருக்கையாக, காடியின் புளிப்போடு வாயில் உதிர வேண்டும்; குளிர்பெட்டியில் இருந்த சோறென்றால் விறைத்துப்போயிருக்கும். குழந்தை பிறந்த பிறகு அங்கே செல்லும்போது, சமையற்காரருக்கு நேர் எதிரே இருக்கை கேட்டு அமருங்கள். அவர் பிடித்து வைக்கும் ஒவ்வொன்றையும், படம் எடுக்கக்கூடக் காத்திராமல், உடனே உண்ணுங்கள்.