ஆக்சஸ் ஏன் மைசீக்வலோடு பேச மறுக்கிறது?

கேள்வி: கடைக் கணக்குக்கு மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸின் தரவுத்தள மென்பொருளான ஆக்சஸில் ஃபார்ம் போட்டிருக்கிறேன். தரவு எல்லாம் இன்னொரு கம்ப்யூட்டரில் மைசீக்வல் என்ற தரவுத்தள சர்வரில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் ஓடிபிசி டிரைவர் போட்டு, டெஸ்ட் அழுத்தினால் வெற்றி என்கிறது. ஆக்சஸில் இணைத்தால் மட்டும் ‘ஆர்க்கிடெக்சர் மிஸ்மேட்ச்’ என்று பிழை வருகிறது. ஏன்? – வாசகர், மாட்டுங்கா, மும்பை.

பதில்: பிட் அளவு பொருந்தவில்லை என்பதே அந்தப் பிழையின் பொருள். உங்கள் விண்டோஸும் டிரைவரும் 64 பிட், ஆஃபீஸ் மட்டும் 32 பிட்டாக இருக்கும். டிரைவர் ஆஃபீஸோடுதான் பொருந்த வேண்டும், விண்டோஸோடு அல்ல. ஆக்சஸில் ஃபைல், அக்கவுண்ட், அபௌட் என்று போனால் எத்தனை பிட் என்று தெரியும். 32 என்றால் 32 பிட் டிரைவரைப் போட்டு, விண்டோஸ் ஃபோல்டரில் ‘சிஸ்வாவ்64’க்குள் இருக்கும் ஓடிபிசி நிர்வாகியைத் திறந்து புதிய டிஎஸ்என் (இணைப்பு விவரங்களின் பதிவு) உருவாக்குங்கள். ‘சிஸ்டம்32’க்குள் இருப்பது 64 பிட் நிர்வாகி. பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்!

சர்வர் பக்கமும் பாருங்கள். ‘லோக்கல்ஹோஸ்ட்’டுக்கு, அதாவது சர்வர் இருக்கும் அதே கம்ப்யூட்டருக்கு, மட்டும் அனுமதித்த யூசர், வேறு கம்ப்யூட்டரிலிருந்து நுழைய முடியாது. உங்கள் கம்ப்யூட்டரின் ஐபி முகவரிக்குத் தனி யூசர் கொடுங்கள். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கைக் கொடுக்கவே வேண்டாம். ஃபயர்வாலில் மைசீக்வலுக்கான 3306 போர்ட் திறந்திருக்க வேண்டும்.

இணைத்த பிறகு வரிசைகளில் ‘டெலீடெட்’ என்று தெரிந்தால் பயப்படாதீர்கள், தரவு அழியவில்லை. ஆக்சஸால் வரிசையை அடையாளம் காண முடியவில்லை, அவ்வளவுதான். டேபிளில் பிரைமரி கீயும் (ஒவ்வொரு வரிசைக்கும் தனி அடையாளம்) ஒரு டைம்ஸ்டாம்ப் (நேரம் பதியும்) நெடுவரிசையும் சேருங்கள். கீ பிக்இன்ட் (பெரிய முழு எண்) வகையாக இருந்தால், டிரைவர் அமைப்பில் அதை இன்ட்டாக (சாதாரண முழு எண்ணாக) கருதும் தேர்வை டிக் செய்யுங்கள். டேபிளை மாற்றியபின் இணைப்பை நீக்கி மறுபடி இணைக்க வேண்டும். பழைய இணைப்புக்கு மாற்றம் தெரியாது.