டேஸ் செய்த பிறகும் கட்டி அதே அளவில் இருக்கிறதே, சிகிச்சை பலிக்கவில்லையா?

கேள்வி இது: அம்மாவுக்குக் கல்லீரல் புற்றுநோய், டேஸ் சிகிச்சை (கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி அதை அடைப்பது) செய்து ஆறு வாரம் ஆகிறது, முன்பு 4.8 சென்டிமீட்டர் இருந்த கட்டி இப்போது எடுத்த சிடியிலும் 4.8 தான், பணமும் வேதனையும் வீணாகிவிட்டதா?

அந்த 4.8-ஐ மட்டும் வைத்துக்கொண்டு வீண் என்றும் சொல்ல முடியாது, பலித்தது என்றும் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டில் அளவுக்குப் பக்கத்தில் வேறு என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவன். அப்பாவுக்கு இதே நோய், இதே சிகிச்சை, கடைசியில் இதே பயமும் வந்தது. ஒரு தப்பான ஸ்கேனால் பத்து நாள் வீடே சோறு தண்ணி இல்லாமல் கிடந்தது. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழியில் போகிறது. நாலில் மூன்று பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக, மீதி ஒரு பங்கு தமனி வழியாக. ஆனால் கல்லீரலிலேயே முளைக்கும் இந்தப் புற்றுக்கட்டி பெரும்பாலும் தமனி ரத்தத்தையே உறிஞ்சி வளரும். டேஸ் செய்பவர்கள் அதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறார்கள். தொடையிலோ மணிக்கட்டிலோ மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்குப் போகும் தமனிக் கிளை வரை கொண்டுபோய், அங்கே புற்றுநோய் மருந்தை லிபியோடால் என்ற எண்ணெயோடு கலந்து செலுத்திவிட்டு, அப்புறம் அந்தக் கிளையையே அடைத்துவிடுவார்கள். லிபியோடால் வேறொன்றுமில்லை, கசகசா விதை எண்ணெயில் அயோடின் சேர்த்தது. நல்ல கல்லீரலுக்குச் சிரை ரத்தம் இருக்கிறது, தாக்குப்பிடிக்கும். கட்டி பட்டினி கிடந்து சாகும்.

செத்தது உடனே கரைந்து போய்விடாது, இதுதான் நமக்குப் புரிய நேரமாகிறது. எங்கள் ஊரில் சீகை மரத்தை ஒழிக்க அடியில் சுற்றிலும் பட்டையை உரித்து விடுவார்கள். மரம் செத்துவிடும், ஆனால் மாசக்கணக்கில் அதே உயரத்தில் நின்றுகொண்டுதான் இருக்கும். செத்ததா என்று பார்க்க யாரும் டேப் வைத்து அளப்பதில்லை. எங்காவது பச்சைத் துளிர் விட்டிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ஒரு பக்கம் பட்டை சரியாக உரியாமல் விட்டிருந்தால் அந்தப் பக்கம் மட்டும் துளிர்க்கும்.

ஸ்கேனில் துளிர் எப்படித் தெரியும்? கையில் ஊசி வழியாகக் காண்ட்ராஸ்ட் மருந்து ஏற்றிவிட்டு ஒரே கல்லீரலைப் பலமுறை படமெடுப்பார்கள். மருந்து ஏறி 30, 40 விநாடிக்குள் எடுப்பது தமனிக் கட்டம். ஒரு நிமிடத்தை ஒட்டி எடுப்பது சிரைக் கட்டம். மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்குள் எடுப்பது தாமதக் கட்டம். உயிருள்ள கட்டி தமனிக் கட்டத்தில் பளிச்சென்று வெள்ளையாகும், ஏனென்றால் அது குடிப்பது தமனி ரத்தம். பிறகு சுற்றியிருக்கும் கல்லீரல் வெளுக்கும்போது இது மங்கிவிடும். செத்த பகுதி எந்தக் கட்டத்திலும் வெளுக்காது, கறுப்பாகவே கிடக்கும். கல்லீரல் சுருங்கிய நோயாளிக்கு முதல் ஸ்கேனிலேயே இந்தப் பளிச்சும் மங்கலும் தெளிவாகத் தெரிந்தால் பயாப்சி கூட எடுக்காமல் புற்றுநோய் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அப்பாவுக்கும் அப்படித்தான். கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் எத்தனை வருடமாக அவருக்குள் இருந்ததோ யாருக்கும் தெரியாது.

இப்போது எங்கள் கதை. அப்பாவுக்கு வலது பக்கக் கல்லீரலில் 5.2 சென்டிமீட்டர் கட்டி. செப்டம்பர் கடைசியில் கோயம்புத்தூரில் டேஸ் செய்தார்கள். மூன்று நாள் காய்ச்சல், வலி, வாந்தி. அது வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நவம்பரில் வந்து ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். நவம்பர் எங்கள் மலையில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைபட்டுக் கிடந்தது. சரி, ஸ்கேன்தானே, இங்கேயே எடுத்து ரிப்போர்ட்டை அனுப்பிவிடலாம் என்று மலையிலேயே ஒரு சென்டரில் எடுத்தேன். முட்டாள்தனம் என்னுடையதும்தான், டாக்டர் எழுதிய சீட்டைக் கொண்டுபோகாமல் "வயித்துக்கு சிடி" என்று வாயால் சொன்னேன். அவர்கள் மருந்து ஏற்றி ஒரே ஒருமுறை, சிரைக் கட்டத்தில் மட்டும் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் "5.4 செ.மீ. கட்டி, முந்தைய அளவைவிடச் சற்று அதிகம்" என்று வந்தது. டேஸ் நடந்தது பற்றி ஒரு வரி இல்லை, அவர்களும் கேட்கவில்லை.

"பெருசாயிடுச்சாமே" என்று ஒரு வார்த்தை கேட்டார் அப்பா. அதோடு சாப்பாட்டை நிறுத்தினார். தோட்டத்துக்குக் கவாத்து வெட்ட ஆள் சொல்லியிருந்தோம், அதையும் வேண்டாம் என்றுவிட்டார்.

ரோடு திறந்ததும் ஃபிலிமை எடுத்துக்கொண்டு ஓடினேன். டாக்டர் விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதுல எனக்கு ஒண்ணும் தெரியலைங்க, தமனிக் கட்டமே இல்லை" என்றார். இன்னொரு சிக்கலும் இருந்தது. லிபியோடால் சிடியில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாகத் தெரியும். கட்டி முழுக்க அது படிந்திருந்தால் நல்ல அறிகுறிதான். ஆனால் அதற்குப் பக்கத்தில் ஒரு துண்டு உயிரோடு பளிச்சிட்டால் வெள்ளைக்குள் வெள்ளை, பிரித்துப் பார்ப்பது கஷ்டம். எம்ஆர்ஐயில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. அதனால் எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தார். எம்ஆர்ஐக்கும் ஒரு வம்பு உண்டு: செத்த கட்டிக்குள் பழைய ரத்தம் இருந்தால் மருந்து ஏற்றும் முன்பே வெள்ளையாகத் தெரியும். அதற்காக மருந்துக்குப் பின் எடுத்த படத்திலிருந்து முன் எடுத்த படத்தைக் கழித்துப் பார்க்கிறார்கள். கழித்த பிறகும் மிஞ்சி நிற்பதுதான் உயிர்.

எம்ஆர்ஐயில் தெரிந்தது இது: கட்டியின் மொத்த அளவு 5.4 தான், மலைச் சென்டர் அளந்ததில் தப்பில்லை. ஆனால் அதில் வெளிப்புற ஓரம் ஒன்றில் மட்டும் 1.3 சென்டிமீட்டர் துண்டு பளிச்சிட்டது. மீதி எல்லாம் கறுப்பு. பட்டை உரியாமல் விட்ட பக்கம்!

இந்த இரண்டு எண்களில் எதை எடுத்துக்கொள்வது என்பதற்கு விதியே இருக்கிறது. 2000-இல் வந்த ரெசிஸ்ட் என்ற அளவுகோல் கட்டியின் மொத்த நீளத்தைத்தான் பார்க்கும். 30 சதவீதம் குறைந்தால் ஓரளவு பலன், 20 சதவீதம் கூடினால் நோய் முற்றுகிறது, இடையில் இருந்தால் மாற்றமில்லை. கட்டியைச் சுருக்கும் கீமோ மருந்துகளை மனதில் வைத்துச் செய்தது. கல்லீரலுக்கு இது ஒத்துவரவில்லை. சோராஃபெனிப் என்ற கல்லீரல் புற்றுநோய் மாத்திரையின் பெரிய ஆய்வு 2008-இல் வெளியானபோது, மாத்திரை எடுத்தவர்கள் சராசரியாக 10.7 மாதமும் எடுக்காதவர்கள் 7.9 மாதமும் இருந்தார்கள். ஆனால் ரெசிஸ்ட் கணக்கில் கட்டி சுருங்கியவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் மட்டுமே. அளவை மட்டும் பார்த்திருந்தால் அந்த மாத்திரையைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். 2010-இல் எம்ரெசிஸ்ட் என்று திருத்திய முறை வந்தது. அதே 30, அதே 20, ஆனால் தமனிக் கட்டத்தில் பளிச்சிடும் பகுதியை மட்டும் அளக்க வேண்டும். பழைய கணக்கில் அப்பாவுக்கு 5.2 இப்போது 5.4, மாற்றமில்லை. புதிய கணக்கில் 5.2 இப்போது 1.3, அதாவது நாலில் மூன்று பங்கு போய்விட்டது. ஆளும் அதே, படமும் அதே. லைராட்ஸ் என்று இன்னொரு முறையும் இருக்கிறது, அதில் சென்டிமீட்டரோடு சேர்த்து "உயிருள்ளது", "உயிரற்றது", "சொல்ல முடியாது" என்று மூன்றில் ஒன்றை எழுதுவார்கள். வீட்டுக்காரர்களுக்கு அதுதான் புரியும் என்பது என் எண்ணம்.

மிஞ்சிய துண்டை மைக்ரோவேவ் ஊசியால் சுட்டார்கள். அதற்கு ஒரு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் மறுபடியும் பயம், சுட்ட இடம் கட்டியைவிடப் பெரிதாக இருந்தது! இந்த முறை நான் பதறவில்லை. கட்டியைச் சுற்றி அரை சென்டிமீட்டராவது சேர்த்துத்தான் சுடுவார்கள், பெரிதாகத்தான் தெரியும். சுற்றிலும் மெல்லிய வெள்ளை வளையம் ஒன்று கொஞ்ச நாளைக்கு இருக்கலாம், புண்ணைச் சுற்றிச் சிவப்பது மாதிரி. ஒரு இடத்தில் மட்டும் தடித்து மொட்டு மாதிரி நின்றால்தான் சந்தேகம். உங்கள் அம்மாவுக்குப் பிற்பாடு கதிர்வீச்சு அல்லது இட்ரியம் மணிகள் (தமனி வழியாகக் கட்டிக்குள் விடும் கதிர்வீச்சு நுண்மணிகள்) செலுத்துவது என்று பேச்சு வந்தால், அதில் பலன் தெரிய இன்னும் தாமதமாகும், மூன்று முதல் ஆறு மாதம் கூடப் பிடிக்கும், அதுவரை பளிச் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம் என்று மட்டும் நினைவில் வையுங்கள்.

ஏஎஃப்பி (இந்தக் கட்டி பல பேருக்கு ரத்தத்தில் சுரக்கும் ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனை பார்த்தீர்களா? தொடக்கத்தில் அது கூடியிருந்து இப்போது நன்றாக இறங்கியிருந்தால் ஆறுதல். எல்லாக் கட்டியும் ஏஎஃப்பியைச் சுரப்பதில்லை என்பதால், நார்மல் என்று வந்தால் அதை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஸ்கேனுக்குப் போகும்போது சில சில்லறை விஷயங்கள். முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள், முடியாவிட்டால் பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் போடும் தட்டில் வாங்கிக் கையில் கொண்டுபோங்கள், ரிப்போர்ட் மட்டும் போதாது. டேஸ் செய்த தேதியைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்காமல் பொதுவாக மருந்து ஏற்ற மாட்டார்கள், முதல் நாளே ரத்தம் கொடுத்துவிட்டால் மலையிலிருந்து வருபவர்களுக்கு ஒரு அலைச்சல் மிச்சம். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடாக ஓடும் என்று அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அப்பா ஆஸ்பத்திரி உடுப்பிலேயே சிறுநீர் போய்விட்டதாக நினைத்து வெட்கப்பட்டு, மூச்சைப் பிடிக்கச் சொன்ன நேரத்தில் எழுந்திருக்கப் பார்த்தார். மூச்சைப் பிடிக்காவிட்டால் படம் கலங்கிவிடும், அந்தத் தமனிக் கட்டம் ஒருமுறைதான் வரும், தவறினால் தவறியதுதான். எம்ஆர்ஐக்கு முன்னால் ஒரு வாரம் திண்ணையில் உட்கார்ந்து 20 எண்ணும் வரை மூச்சைப் பிடித்துப் பழகினார், எங்கள் அம்மாதான் எண்ணுவார்.

உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருவோம். 4.8-க்குப் பக்கத்தில் "தமனிக் கட்டத்தில் ஒளிர்வு இல்லை" என்ற பொருளில் ஏதாவது இருந்தால் நல்ல செய்தி. ஓரத்தில் ஒளிர்வு என்று ஒரு அளவு போட்டிருந்தால், அந்தச் சின்ன அளவைத்தான் பழைய 4.8-ஓடு ஒப்பிட வேண்டும், அதற்கு இன்னொரு டேஸா, சுடுவதா என்று டாக்டர் சொல்வார். ஒன்றுமே எழுதாமல் வெறும் 4.8 என்று இருந்தால் நாளைக்கே சென்டருக்கு போன் போட்டு மூன்று கட்டமும் எடுத்தீர்களா என்று கேளுங்கள். எடுத்திருந்தால் படம் அவர்களிடம் இருக்கும், ரேடியாலஜிஸ்ட் திரும்பப் பார்த்து எழுதித் தருவார், அம்மாவை மறுபடி அலைக்கழிக்க வேண்டியதில்லை. எடுக்கவில்லை என்றால் அந்த ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டு, முறையான ஸ்கேனுக்குத் தேதி வாங்குங்கள்.