மீண்டும் மீண்டும் தவறுகிறவரை இயேசு இன்னும் நேசிப்பாரா?

ஒரே பாவத்தில் பலமுறை விழுந்த பிறகு ஜெபிக்கவே கூச்சமாக இருக்கிறது, இந்த நிலையிலும் கிறிஸ்து உதவுவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவுவார். அந்தக் கூச்சத்தோடு நான்கு ஆண்டுகள் வாழ்ந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் கிராமம் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு குறுவைப் பருவத்தில் வாய்க்காலில் தண்ணீர் குறைந்தபோது, முறை என் தம்பியுடையது என்று தெரிந்தும், இரவில் மடையை என் வயல் பக்கம் திறந்துவிட்டேன். காலையில் அவன் கேட்டபோது நான் திறக்கவில்லை என்றேன். பங்காளிகள் கேட்டபோதும், அம்மா கேட்டபோதும் அதையே சொன்னேன். அவனுடைய நாற்றங்கால் மஞ்சளித்துக் காய்ந்தது. அதன் பின் ஆலயத்தில் திருவிருந்து நேரம் வந்தால், எழுந்து போகாமல் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பேன்.

ஈஸ்டருக்குப் பிந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, தரங்கம்பாடியில் 1718ஆம் ஆண்டு பிரதிஷ்டை செய்யப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்துக்குப் போயிருந்தேன். அங்கே யோவான் 21ஆம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. பலமுறை கேட்ட பகுதிதான். ஆனால் அன்று 'கரிநெருப்பு' என்ற ஒரு சொல்லில் மனம் நின்றுவிட்டது. 18ஆம் அதிகாரத்தில், இயேசு பிடிக்கப்பட்ட இரவில், அவருடைய சீடன் பேதுரு குளிர்காய்ந்துகொண்டே அவரை அறியேன் என்று மறுதலித்ததும் ஒரு கரிநெருப்பின் அருகில்தான். மூல கிரேக்கத்தில் அந்தச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த இரண்டு இடங்களில் மட்டுமே வருகிறது. அந்த இரவை நினைவூட்டும் அதே நெருப்பை இம்முறை கடற்கரையில் மூட்டி, அதன்மேல் மீனை வைத்து, அப்பத்தோடு காத்திருந்தவர் உயிர்த்தெழுந்த இயேசு.

அவர் முதலில் எதையும் விசாரிக்கவில்லை. "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றார். இரவெல்லாம் வலைவீசிக் களைத்த சீடர்கள் பசியாறிய பிறகே, பேதுருவிடம் "என்னை நேசிக்கிறாயா?" என்று மூன்றுமுறை கேட்டார். மூன்று மறுதலிப்புகளுக்கு மூன்று கேள்விகள். பேதுருவுக்கு அது வலித்தது என்றே வேதம் சொல்கிறது. பாவத்தை ஒன்றுமில்லை என்று தள்ளிவிடுகிற அன்பு அல்ல இது. ஆனாலும் ஒவ்வொரு பதிலுக்குப் பின்னும் தம் ஆடுகளை அவனிடமே ஒப்படைத்தார். அவன் விழப்போகிறான் என்பதை அறிந்தே, அவனுடைய விசுவாசம் ஒழிந்துபோகாதபடி முன்னதாகவே வேண்டிக்கொண்டதாக லூக்கா 22:32 கூறுகிறது. என்னைப் பெரிதும் தேற்றிய வசனம் அது: நாம் ஜெபிக்கக் கூசும் நாளிலும் அவர் நமக்காகப் பரிந்து பேசுவதை நிறுத்துவதில்லை.

அப்படியும் இரண்டு மாதம் தயங்கினேன். அந்த ஆண்டுக் குறுவைக்கு நாற்றுப் பறிக்கும் நாளில் தம்பியின் வயலுக்குப் போய், வரப்பில் நின்றபடி, "அன்றைக்கு மடையைத் திறந்தது நான்தான்" என்றேன். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையிலிருந்த நாற்றை முடிந்து முடித்து, சேறு சொட்டச் சொட்ட என்னிடம் நீட்டி, "இதை அந்தப் பக்கம் வைங்கண்ணே" என்றான்.

எனக்குக் கோபமும் பேராசையும் இன்றும் வருகின்றன. தண்ணீர் முறைக்காக இரவில் மண்வெட்டியோடு கிளம்பும்போது, வாசலிலேயே நின்று, "ஆண்டவரே, கூட வாரும்" என்று ஜெபித்துவிட்டுத்தான் போகிறேன். நீங்கள் இன்று இரவே யோவான் 21ஐ வாசியுங்கள், கூச்சத்தோடேயே வாசியுங்கள்.