ஆடி டிடிக்கு 20 இஞ்ச் அலாய் போடலாமா? விற்கிறவர் சொல்லாத அளவுகள்

கேள்வி: அண்ணே, தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். 2016 மாடல் ஆடி டிடி குவாட்ரோ ஒன்றை செகண்ட் ஹேண்டில் எடுத்திருக்கிறேன். கம்பெனி ரிம் 18 இஞ்ச், டயர் 245/40. நாலு டயரும் தேய்ந்துவிட்டது. மதுரையில் ஒருவர் 20 இஞ்ச் அலாய் செட் வைத்திருக்கிறார். முன்னால் 255/30, பின்னால் 285/30 டயர். "அஞ்சு போல்ட், 112 பிசிடி, உங்க வண்டிக்கு அப்படியே உட்காரும்" என்கிறார். தை மாதம் தங்கச்சி கல்யாணம், அதற்குள் மாற்ற ஆசை. ரிம்மின் பின்பக்கப் படங்களும் அனுப்பியிருக்கிறேன். 20 போடலாமா, இல்லை 19 போதுமா?

பதில்: தம்பி, 20 வேண்டாம். அந்த செட் வேண்டவே வேண்டாம். 19 போடலாம், அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. நம்ம ஊர் ரோட்டுக்கு 18-லேயே நல்ல டயர் நாலு வாங்கிப் போட்டுவிட்டு மிச்சப் பணத்தைக் கல்யாணத்துக்குக் கொடுப்பதுதான் என் யோசனை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

245/40 ஆர்18 என்றால் டயரின் அகலம் 245 மில்லிமீட்டர். அதில் 40 சதவீதம் சைடுவாலின் உயரம், அதாவது 98 மில்லி. மேலே ஒரு 98, கீழே ஒரு 98, நடுவில் 18 இஞ்ச் ரிம் 457 மில்லி. ஆக மொத்த விட்டம் 653 மில்லி. ஸ்பீடோமீட்டர், ஏபிஎஸ், கியர் எல்லாம் இந்த 653-ஐ நம்பித்தான் ஓடுகின்றன. ரிம் பெரிதாகும்போது சைடுவால் சிறிதாகி, மொத்தம் இதே கணக்கில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். 19 இஞ்சில் 245/35 போட்டால் விட்டம் 654 வரும், ஒரு மில்லிதான் வித்தியாசம். 20 இஞ்சில் 255/30 என்றால் 661, ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், அதுகூடப் பரவாயில்லை. ஆனால் அதே செட்டில் பின்னால் வரும் 285/30-க்கு 679. முன்னுக்கும் பின்னுக்கும் 18 மில்லி வித்தியாசம். அந்தப் புரோக்கர் உங்களிடம் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

"ஸ்போர்ட்ஸ் கார்னா பின்னாடி அகலமா இருக்கணும்" என்று அவர் சொல்லியிருப்பார், எல்லாரும் சொல்கிறார்கள். பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டிக்கு அது சரி. இங்கே விற்ற ஃபோர்டு மஸ்டாங் ஜிடி, கம்பெனியிலிருந்தே முன்னால் 255/40, பின்னால் 275/40, இரண்டும் 19 இஞ்சில்தான் வந்தது. விட்டத்தில் 16 மில்லி வித்தியாசம், ஒரு தொந்தரவும் இல்லை, ஏனென்றால் அதில் முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் இணைக்கிற எதுவும் கிடையாது. உங்கள் டிடி அப்படியில்லை. அது குவாட்ரோ, அதாவது நாலு சக்கரத்துக்கும் இழுவை உள்ள வண்டி. முன் சக்கரங்களுக்குப் போகிற சக்தியில் ஒரு பங்கைப் பின்னுக்கு அனுப்ப, பின் ஆக்சிலுக்கு முன்னால் எண்ணெயில் மூழ்கிய ஒரு கிளட்ச் உட்கார்ந்திருக்கிறது, ஹால்டெக்ஸ் என்பார்கள். முன் சக்கரம் ஒரு வேகத்திலும் பின் சக்கரம் வேறு வேகத்திலும் சுற்றினால், எங்கோ சக்கரம் வழுக்குகிறது என்று வண்டி நினைத்துக்கொள்ளும். உங்கள் கேஸில் வழுக்கவே இல்லை, டயர் பெரிது, அவ்வளவுதான். ஆனால் அது வண்டிக்குத் தெரியாது. தேவகோட்டையிலிருந்து திருச்சி போய்ச் சேருகிற வரைக்கும் அந்த கிளட்ச் உரசிக்கொண்டே சூடாகும். அதன் ரிப்பேர் பில்லைப் பார்த்தால் ரிம்மில் மிச்சம் பிடித்த பணம் ஒன்றுமே இல்லை என்று தெரியும்.

இதையே இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் 18-லேயே இருந்தாலும் இது உங்களைத் துரத்தும். புது டயரில் பட்டன் ஆழம் ஏறத்தாழ 8 மில்லி. தேய்ந்து 3-க்கு வந்துவிட்ட டயருக்கும் புது டயருக்கும் விட்டத்தில் 10 மில்லி வித்தியாசம், ஒன்றரை சதவீதம். இப்போது "பின்னாடி ரெண்டு நல்லாத்தான் இருக்கு, முன்னாடி ரெண்டு மட்டும் மாத்துங்க" என்று எந்தக் கடைக்காரரும் சொல்வார், உங்கள் பணத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கிற நல்ல எண்ணத்தில்கூடச் சொல்லலாம். சாதாரணக் காருக்குச் சரி. உங்களுக்குக் கூடாது. நாலும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே சமயத்தில். நடுவில் ஒன்று கிழிந்து போனால், மற்ற மூன்றும் 2 மில்லிக்கு மேல் தேயாமல் இருந்தால் மட்டும் ஒன்று வாங்குங்கள், இல்லாவிட்டால் ஜோடியாகக்கூட இல்லை, நாலும்தான். பட்டன் ஆழத்தை அளக்கிற டெப்த் கேஜ் ஒன்று வாங்கி டேஷ்போர்டில் போட்டுவையுங்கள், பெரிய விலையில்லை. ஐந்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டால் தேய்மானம் ஒன்றாகவே போகும். இதுவும் முன்னும் பின்னும் ஒரே அளவு இருந்தால்தான் முடியும், 255-உம் 285-உமாக இருந்தால் அந்த வழியும் அடைபட்டுப் போகும்.

அடுத்து, "அப்படியே உட்காரும்" என்ற பேச்சு. ஐந்து போல்ட், 112 பிசிடி என்பது போல்ட் ஓட்டைகள் எந்த வட்டத்தில் இருக்கின்றன என்று மட்டும்தான் சொல்லும். நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் கம்பெனி ரிம்மில் 9ஜே, ஈடி52 என்று இருக்கிறது. 9ஜே என்பது ரிம்மின் அகலம், இஞ்சில். ஈடி என்பது ஆஃப்செட், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் உட்காரும் முகம் எத்தனை மில்லி வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்ற கணக்கு. மதுரைக்காரரின் ரிம்மில் 9ஜே, ஈடி35. அகலம் ஒன்றே, ஆஃப்செட்டில் 17 குறைவு. அப்படியென்றால் ஒவ்வொரு சக்கரமும் 17 மில்லி வெளியே தள்ளி நிற்கும். பார்க்க முறுக்காக இருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பள்ளத்தில் இறங்கும்போது டயர் ஃபெண்டர் ஓரத்தில் உரசும், பேரிங்குக்குப் பளு கூடும், மேடுபள்ளமான ரோட்டில் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும். மேலும் 285 டயரை 9ஜே ரிம்மில் ஏற்றவே கூடாது, அதற்குக் குறைந்தது 9.5 வேண்டும்.

நடு ஓட்டையையும் பாருங்கள். டிடியின் ஹப், அதாவது ரிம்மின் நடு ஓட்டை போய் உட்காருகிற குமிழ், 57.1 மில்லி. அந்த ரிம்மில் 66.6 என்று அச்சாகியிருக்கிறது, அது மெர்சிடிஸ் கணக்கு. இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் போட வேண்டும், போடாமல் ஏற்றினால் 80, 100-ல் ஸ்டீயரிங் உதறும், பேலன்சிங் கடை கடையாக அலைவீர்கள், சரியாகவே ஆகாது. போல்டிலும் ஒரு சிக்கல் உண்டு, இதைச் சொல்கிற ஆளையே காணோம்: ஆடியின் கம்பெனி போல்டின் தலைக்கு அடியில் உருண்டையாக இருக்கும், வெளி அலாய்களில் பெரும்பாலும் கூம்பு வடிவப் பள்ளம். உருண்டை போல்டைக் கூம்புப் பள்ளத்தில் போட்டு முறுக்கினால் முறுகிவிட்ட மாதிரிதான் தெரியும், ஆனால் ஒரு மெல்லிய வளையத்தில்தான் பிடித்திருக்கும். சில நூறு கிலோமீட்டரில் தளரும். ரிம்மோடு சேர்த்து அதற்குரிய போல்டையும் கேட்டு வாங்குங்கள், டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். நியூமேட்டிக் கன்னை வைத்து "டர்ர்" என்று அடித்துவிட்டு "ஓகே சார்" என்கிற இடத்தில் வண்டியை விடாதீர்கள். 112-க்கு பதிலாக 114.3 ரிம்மை எடுத்து வந்து, "ஓட்டையைக் கொஞ்சம் அகட்டிடலாம்" என்று யாராவது சொன்னால் அந்தக் கடைக்குள் மறுபடி போகாதீர்கள்.

இப்போது நம்ம ரோட்டுக்கு வருவோம். 18 இஞ்சில் ரோட்டுக்கும் ரிம்முக்கும் நடுவில் 98 மில்லி ரப்பர், 19-ல் 86, 20-ல் 76. காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். குழாய்க்குத் தோண்டிவிட்டுச் செம்மண்ணைத் தள்ளி மூடிய பள்ளம், முதல் மழைக்கு உள்வாங்கிவிடும், இரவில் கண்ணுக்குத் தெரியாது. 30 சீரிஸ் டயரோடு அதில் இறங்கினால் ஒன்று ரிம் பெண்டாகும், இல்லையென்றால் சைடுவாலுக்குள் நூல் அறுந்து ஒரு புடைப்பு கிளம்பும். புடைப்பு வந்த டயருக்கு வைத்தியம் கிடையாது, தூக்கிப்போட வேண்டியதுதான். அதற்கு மாற்று இங்கே கிடைக்குமா? மதுரைக்கோ திருச்சிக்கோதான் போக வேண்டும், அங்கேயும் ஸ்டாக் இருக்காது. 2020 ஜூனில் டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தார்கள். உள்நாட்டு உற்பத்தியைக் காப்பாற்றுவது சரிதான், ஆனால் இங்கே யாருமே செய்யாத அளவுகளை ஓட்டுகிறவன் என்ன செய்வான் என்று யாரும் யோசிக்கவில்லை. அதனால் டயர் கையில் கிடைக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் ரிம்மைப் பாருங்கள். எல்லாரும் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

டயரில் இன்னும் இரண்டே விஷயம். டயரில் அளவுக்கு அடுத்து ஒரு பளு எண் இருக்கும், 93 என்றால் அந்த டயர் ஒன்று 650 கிலோ தாங்கும் என்று பொருள். நீங்கள் கேட்கிற 255/30 ஆர்20 வழக்கமாக 92-ல்தான் வருகிறது, அது 630 கிலோ. உங்கள் டயரில் உள்ள எண்ணுக்குக் கீழே எக்காரணம் கொண்டும் இறங்க வேண்டாம். 19-ல் 245/35, 93ஒய் எக்ஸ்எல் (ஒய் வேகத்துக்கான குறி, எக்ஸ்எல் என்றால் கூடுதல் பளு தாங்கும் டயர்) கிடைக்கும், அது சரி, ஆனால் அதே பளுவைத் தாங்க 18-ஐ விடக் கொஞ்சம் கூடுதல் காற்று வேண்டும். காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். மத்தியான வெயிலில் ஓட்டிவிட்டு வந்து பார்த்துக் கூடுதலாக இருக்கிறதே என்று இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைவாக நிற்கும். இரண்டாவது, டிஓடி என்ற எழுத்துக்குப் பின்னால் வருகிற கடைசி நாலு இலக்கம்: 2321 என்றால் 2021-ஆம் வருடம் 23-ஆவது வாரம். "செட்டா எடுங்க, சல்லிசா வரும்" என்று தள்ளிவிடுகிற டயர்களில் இந்த இலக்கம் உள்பக்கம் திரும்பியிருக்கும். ஐந்து வருடத்துக்கு மேல் கிடந்த டயர் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.

புரோக்கர்கள் விஷயத்தில் எனக்குப் பொறுமையே கிடையாது. கல்யாணம், மாசி என்று ஊருக்கு வருகிறவர்களுக்கு நாள் குறைவு என்று அவர்களுக்குத் தெரியும். "ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க, வேற பார்ட்டி நிக்குறாங்க" என்பார்கள். அந்தப் பார்ட்டி யாரும் கிடையாது. வெடித்த ரிம்மை வெல்டிங் வைத்து, பட்டி பார்த்து, பவுடர் கோட்டிங் அடித்து "கம்பெனி ஒரிஜினல் டேக்-ஆஃப்", அதாவது புது வண்டியிலிருந்து கழற்றியது என்று விற்பது ரொம்ப நாளாக நடக்கிறது. சோதிப்பது சுலபம். ரிம்மின் முகத்தைக் கீழே வைத்துப் படுக்கப்போட்டு, உள்பக்க வளையத்தில் நகத்தை வைத்து ஒரு சுற்று இழுங்கள், வெல்டிங் இருந்தால் பெயின்ட்டுக்குக் கீழே ஒரு மேடு தட்டும். டயர் ஏற்றிக் காற்றடித்த ரிம் என்றால், சோப்புத் தண்ணீரைத் துணியில் தொட்டு உள்வளையத்தில் தடவிவிட்டு ஐந்து நிமிஷம் காத்திருங்கள். விரிசல் இருந்தால் ஊசிமுனை அளவு குமிழி ஒன்றன்பின் ஒன்றாக அதே இடத்தில் எழும்பும். இதைச் செய்ய விடமாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள். ஜேடபிள்யூஎல் என்ற ஜப்பான் தர முத்திரை பொறித்திருப்பதை மட்டும் நம்பவும் வேண்டாம், அச்சில் அந்த மூன்று எழுத்தைச் சேர்க்க யாருக்கும் முடியும். ஒரு ரிம் எத்தனை கிலோ தாங்கும் என்ற எண்ணும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்பீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை இறுக்கிச் சொன்னது. அதே வருடத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. சரி, எந்த ரிம் அனுமதி, எந்த ரிம் இல்லை என்று எங்கே போய்க் கேட்பது? ஜெர்மனியில் அலாய் விற்கிறவரே, எந்தக் காருக்கு எந்த அளவு பொருந்தும் என்று சோதித்த சான்றிதழைக் கையில் கொடுப்பார். இங்கே அப்படி ஒன்றும் கிடையாது, ஆர்டிஓ ஆபீசில் கேட்டால் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள், விபத்து என்று வரும்போது மட்டும் இன்ஷூரன்ஸ் சர்வேயருக்கு எல்லா விதியும் ஞாபகம் வந்துவிடும். ஓட்டுகிறவனைத் தண்டிக்க விதி எழுதத் தெரிந்தவர்களுக்கு, வழிகாட்ட ஒரு பட்டியல் போடத் தெரியாதா? அதனால் டிரைவர் கதவு ஓரத்திலோ பெட்ரோல் மூடிக்குள்ளோ உள்ள ஸ்டிக்கரையும் ஓனர்ஸ் மேனுவலையும் பாருங்கள், கம்பெனியே உங்கள் மாடலுக்குச் சொல்லியிருக்கிற அளவுக்குள் நில்லுங்கள். இன்ஷூரன்சுக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள்.

ஆக, 19-தான் என்று மனசு பிடிவாதம் பிடித்தால்: 19 இஞ்ச், 9ஜே, ஈடி 50-ஐ ஒட்டி, நடு ஓட்டை 57.1 அல்லது அதற்குரிய ரிங், நாலு பக்கமும் 245/35, 93-க்குக் குறையாமல். இந்த ஒரு வரியை அப்படியே கடைக்காரருக்கு அனுப்புங்கள், பில்லிலும் இதே எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள், எழுத மாட்டேன் என்றால் வேறு கடை. ஏற்றும்போது டயர் லிவரை வைத்து நெம்புகிற பங்சர் கடை வேண்டாம், மெஷின் உள்ள இடமாகப் பாருங்கள். 50 கிலோமீட்டர் ஓட்டியதும் போல்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள். கழற்றிய 18 இஞ்ச் ரிம் நாலையும் அந்தக் கடைக்காரர் "எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்குறேன்" என்பார், கொடுக்காதீர்கள், வீட்டில் ஓரமாக அடுக்கி வையுங்கள். நாளைக்கு வண்டியை விற்கும்போதும், ஆர்டிஓ கேள்வி கேட்டாலும், பள்ளத்தில் ஒரு 19 போய்விட்டாலும் அவைதான் வேண்டியிருக்கும்.