பகல்நேர சீரியல்களுக்கு அமெரிக்காவில் தனியாக எம்மி விருது எதற்கு? அது ஆறுதல் பரிசு மாதிரிதானே?

ஆறுதல் பரிசு என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை, அதனால்தான் இந்தப் பதில்.

90களின் தொடக்கத்தில், எங்கள் வீட்டுக்குக் கேபிள் வந்த புதிதில், ஸ்டார் ப்ளஸில் 'சாண்டா பார்பரா' ஓடும். ஆங்கிலம் பாதிதான் புரியும், ஆனாலும் நானும் அத்தையும் ஒரு நாள் விடாமல் பார்ப்போம். அது 1988, 1989, 1990 என்று வரிசையாக 3 வருடம் சிறந்த நாடகத் தொடருக்கான டேடைம் எம்மி (பகல்நேர நிகழ்ச்சிகளுக்கான எம்மி, அங்கே டிவிக்கென்றே உள்ள விருது) வாங்கிய தொடர் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதன் பிறகு இந்த விருது பற்றி எது கண்ணில் பட்டாலும் படித்துவிடுவேன்.

தனி விருது எதற்கு என்றால், வேலையே வேறு. இரவில் வரும் தொடருக்கு ஒரு வருடத்தில் இருபது, இருபத்திரண்டு அத்தியாயம் எடுத்தால் போதும். பகல் சீரியல் வாரம் 5 நாள், வருடம் முழுக்க, கிட்டத்தட்ட 250 அத்தியாயம். ஒரு நாளுக்குள் ஒரு மணிநேர அத்தியாயத்தை எடுத்து முடிக்க வேண்டும், ரீடேக் கேட்க நேரமே இருக்காது, முந்தின ராத்திரி கையில் வந்த பக்கம் பக்கமான வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு காலையில் போய் நின்று அழ வேண்டும், சண்டை போட வேண்டும். இந்த வேலையை இரவுத் தொடர்களின் அளவுகோலை வைத்து எப்படி அளப்பது? 1972இல் 'தி டாக்டர்ஸ்' என்ற தொடருக்குப் பொது எம்மி விழாவிலேயேதான் பகல்நேர நாடகத்துக்கான பரிசைக் கொடுத்தார்கள். பிறகு 1974இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் சென்டரில் டேடைம் எம்மி தனி விழாவாக நடந்தது.

இந்த விருதுக்கு அங்கே என்ன மதிப்பு என்று தெரிய சூசன் லூச்சியின் கதை ஒன்றே போதும். 1970 ஜனவரியில் தொடங்கிய 'ஆல் மை சில்ட்ரன்' தொடரில் எரிக்கா கேன் அவர்தான். 2011இல் ஏபிசி சேனல் அந்தத் தொடரை நிறுத்தும்வரை 41 வருடம் அதே பாத்திரம். 1978இல் முதல் தடவையாகச் சிறந்த நடிகைக்கான பட்டியலில் பெயர் வந்தது, கிடைக்கவில்லை. அடுத்தும் கிடைக்கவில்லை. இப்படியே 18 தடவை. ஒவ்வொரு தடவையும் நன்றாக உடுத்திக்கொண்டு போய் உட்கார்ந்து, வேறு யாரோ மேடை ஏறுவதைப் பார்த்துக் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வருவது சாதாரண விஷயமா? எதிரில் இருந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை, 'ஒன் லைஃப் டு லிவ்' தொடரின் எரிக்கா ஸ்லெசாக் மட்டுமே 6 தடவை வாங்கியவர்.

இதில் தேர்வு முறைக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். வருடம் முழுக்க நடித்ததில் ஒன்றிரண்டு அத்தியாயத்தை நடிகரே தேர்ந்தெடுத்து அனுப்ப, நடுவர்கள் அதை மட்டும் பார்த்து முடிவு செய்வார்கள். சீரியல் நடிப்பின் பலமோ நாள் கணக்கில், மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்வது. தினமும் பார்க்கிற ரசிகருக்கு லூச்சியின் எரிக்கா கேன் கண்ணைத் திருப்பினாலே இருபது வருடக் கதை ஞாபகம் வரும், நடுவருக்கு வருமா?

அப்புறம் 1999 மே 21, வெள்ளிக்கிழமை. 19ஆவது பரிந்துரை. உறையைப் பிரித்த நடிகர் ஷெமார் மூர் லூச்சியின் பெயரைச் சொல்வதற்கு முன்பே, அந்தத் தோல்வி வரிசை முடிந்துவிட்டது என்று கத்திவிட்டார். அரங்கமே எழுந்து நின்றது, கைதட்டல் சில நிமிடங்களுக்கு ஓயவில்லை, அவரால் பேச்சைத் தொடங்கவே முடியவில்லை. பேச்சு நிகழ்ச்சி நடத்திய ஓப்ரா வின்ஃப்ரே, ரோஸி ஓ'டானல் எல்லாரும் அழுகிறார்கள். போட்டியில் தோற்றவர்கள் முகத்திலும் சந்தோஷம். ஆறுதல் பரிசுக்கு யாரும் இப்படி அழ மாட்டார்கள்.

சீரியல் மட்டும் இல்லை, பேச்சு நிகழ்ச்சிகளுக்கும் இந்த விழாவில் விருது உண்டு, குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்கும் ரொம்ப காலம் இங்கேதான் கொடுத்தார்கள். 1997இல் வாழ்நாள் சாதனை விருது வாங்க வந்த, குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய ஃப்ரெட் ராஜர்ஸ், உங்களை அன்பு காட்டி ஆளாக்கியவர்களை 10 நொடி நினைத்துப் பாருங்கள், நேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அரங்கில் பலருக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவும் இதே மேடைதான்.

இன்று நிலைமை இறங்கிவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். வானொலியில் 1937இல் பிறந்து 72 வருடம் ஓடிய 'கைடிங் லைட்' சீரியல் 2009இல் நின்றது, அடுத்த வருடம் 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்'. 2014இல் விருது விழாவையே டிவியில் காட்டவில்லை, இணையத்தில் மட்டும்தான். 2025 பிப்ரவரியில் சிபிஎஸ் சேனல் 'பியாண்ட் தி கேட்ஸ்' என்று ஒரு புதுத் தொடரைத் தொடங்கியபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஏனென்றால் 1999க்குப் பிறகு அமெரிக்காவின் பெரிய சேனல்களில் புதிதாக ஒரு பகல் சீரியல்கூட வரவில்லை.

நேரம் கிடைத்தால் லூச்சி விருது வாங்கிய அந்தக் காட்சியை யூடியூபில் தேடிப் பாருங்கள். கைதட்டலோடு நிறுத்திவிடாமல் பேச்சின் கடைசிவரை பாருங்கள். 21 வருடம் காத்திருந்து வாங்கிய விருதைக் கையில் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை ஸ்டுடியோவுக்குப் போய் மறுபடியும் எரிக்கா கேனாக நடிக்கப் போகிறேன் என்றுதான் சொல்லி முடிக்கிறார்.